காலி என்று எழுதப்பட்ட பள்ளிக்கூடம்

கிளப் வேறு, நிலம் வேறு என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். புதன்கிழமை மாலையில் அப்பா கிளப்பின் வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு கிளம்பினால், ஊருக்கு நல்லது செய்யப் போகிறார் என்று பொருள். மறுநாள் காலையில் அதே அப்பா களத்தில் நின்று அறுப்புக் கூலிக்காக ஆட்களோடு வாதாடினால், அது குடும்பக் காரியம். புதன்கிழமை மனிதருக்கும் வியாழக்கிழமை மனிதருக்கும் அறிமுகம் இல்லை என்பதைப் போலவே நாங்கள் நடந்துகொண்டோம். அதில் பாசாங்கு இருந்ததாக எனக்கு நினைவில்லை. அம்மா நம்பினாள், நான் நம்பினேன். எங்கள் இருவரையும்விட அப்பா உறுதியாக நம்பினார்.

மாயவரத்துக்கும் கடற்கரைக்கும் நடுவில், ஒரு ரயில் நிலையமும் நான்கு அரிசி ஆலைகளும் கொண்ட ஊர் எங்களுடையது. நான் சிறுமியாக இருந்தபோது அடித்த ஒரு புயலுக்குப் பிறகு அங்கே அந்தக் கிளப் பிறந்தது. வாய்க்கால்கள் உடைந்து வயலும் பாதையும் ஒன்றாகிவிட்ட அந்த வாரத்தில், ஆலைக்காரர் ஒருவர் நெல் அவிக்கும் பெரிய அண்டாக்களில் கஞ்சி காய்ச்சித் தன் ஆலை வாசலில் ஊற்றினார். அவருக்கு உதவியாக டாக்டர் வந்தார், தலைமையாசிரியர் வந்தார், அப்பா வந்தார். வெள்ளம் வடிந்த பிறகும் அவர்களுக்குக் கலைந்து போக மனமில்லை. சென்னையில் இப்படிப்பட்ட சேவைக் கிளப்புகள் உண்டென்று ஒரு வக்கீல் சொன்னார். எழுதிப் போட்டார்கள். ஒரு வெண்கல மணியும் விதிப்புத்தகமும் வந்து சேர்ந்தன. ஆலைக்காரர் தலைவரானார். எழுத்து நன்றாக இருந்ததால் அப்பா செயலாளரானார்.

அவர்கள் செய்த நன்மைகளைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பிரசவ ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர்க் குழாய் போட்டார்கள். கால் இழந்தவர்களுக்குக் கட்டைக்கால் வாங்கிக் கொடுத்தார்கள். வருடத்துக்கு ஒரு முறை கண் முகாம் நடத்தினார்கள். கண்ணில் புரை வளர்ந்து பத்து வருடமாக இருட்டில் இருந்தவர்கள் அந்த முகாமிலிருந்து தாமாக நடந்து வெளியே வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அவர்களுடைய விதிப்புத்தகத்தில், கூட்டங்களில் கட்சியும் மதமும் பேசக் கூடாது என்று இருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு மடையில் யார் முதலில் தண்ணீர் பாய்ச்சுவது என்ற தகராறில் இரண்டு உறுப்பினர்கள் கிளப்பிலேயே நாற்காலியைத் தூக்கிவிட்டார்கள். அன்றுமுதல் நிலம், தண்ணீர், கூலி ஆகிய மூன்றும் பேசக் கூடாதவை ஆயின. பேசியவருக்கு அபராதம். அபராதம் வசூலிப்பது பேங்க் ஏஜெண்டின் (அன்று பேங்க் மானேஜரை அப்படித்தான் சொல்வோம்) பொறுப்பு. அவர் ஒரு பிஸ்கட் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு, யாராவது ‘வாய்க்கால்’ என்று ஆரம்பித்தாலே அதைக் குலுக்குவார். எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு வாசல் வரை கேட்கும்.

ஆட்சி மாறிச் சிறிது காலம் ஆகியிருந்தது. திராவிட இயக்கத்தார் கோட்டைக்குப் போயிருந்தார்கள். டீக்கடைகளில் கறுப்பு சிவப்புத் துண்டுகள். வயல் பக்கமோ சிவப்புக் கொடிகள். எங்கள் வட்டாரத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கம் வலுத்து, அறுப்புக் கூலியாகக் கலத்துக்குக் கூடுதல் நெல் கேட்டது. மிராசுதார்கள் மறுத்தார்கள். வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து அறுக்கப் போவதாகச் சொன்னார்கள். வந்தால் வரப்பில் இறங்க விடமாட்டோம் என்றது சங்கம். புரட்டாசியில் மிராசுதார்கள் கூடி, அறுப்புக்குப் போலீஸ் பாதுகாப்புக் கேட்டு ஒரு மனு அனுப்பினார்கள். அதை எழுதியவரும் அப்பாதான். மனுவில் கையெழுத்திட்டவர்களில் பலர் கிளப்பின் உறுப்பினர்கள்.

மனுவுக்குப் பதிலே இல்லை. ஓட்டுக் கேட்டு வந்த அரசாங்கம் கூலியாட்களுக்கு எதிராகப் போலீஸ் அனுப்பாது என்று எங்கள் வீட்டில் பேசிக்கொண்டார்கள். கார்த்திகையில் கிளப் கூடி அந்த வருடத்து முகாமுக்குத் தேதி குறித்தது: மார்கழி நடுவில். குளிர்காலம் கண் அறுவைக்கு ஏற்றது. பள்ளிக்கூடமும் அரையாண்டு விடுமுறையில் இருக்கும். முன்பட்டச் சம்பா அறுப்புக்கு வரும் நாட்களும் அவையே. அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் அறுப்பு என்ற சொல்லை அங்கே எடுக்க முடியாது. பல ஆண்டுகள் கழித்து அப்பா என்னிடம் சொன்னார்: “வாய் வரைக்கும் வந்துதும்மா. டின்னக் குலுக்குவான்னு பேசாம இருந்துட்டேன்.”

எங்கள் மாட்டுக் கொட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்மணியைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். வீட்டில் நாங்கள் எல்லோரும், பதினேழு வயதுப் பெண்ணான நானும்கூட, அவரை ஒருமையில் அழைத்தோம். இன்று எழுதும்போது ‘அவர்’ என்கிறேன். இந்தத் திருத்தம் மிகவும் தாமதமானது. அவர் சேரியிலிருந்து விடியற்காலையில் கொல்லைப்புறமாக வருவார். சாணம் அள்ளி, வைக்கோல் போட்டு, கன்றுகளோடு சண்டை போட்டுவிட்டுக் கொல்லைப்புறமாகவே போவார். ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. போரடிக்கும்போது நெல்லின் சுணை அடித்துப் புண்ணாகிப் போன கண் அது. மிஞ்சிய கண்ணில் இரண்டு வருடமாகப் புரை வளர்ந்தது. அந்தக் கார்த்திகையில் அவர் கன்றின் மேல் மோதி விழுந்தார். எழுந்து, அங்கே ஒரு கன்று நிற்பது தெரியவில்லை என்று அம்மாவிடம் ஒப்புக்கொண்டார்.

அவருடைய மகன் சங்கத்தின் கிளைச் செயலாளர். தாய் முகாமுக்குப் போகக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். அம்மா ஒரு மதியம் என்னைக் கூட்டிக்கொண்டு சேரியை நோக்கி நடந்தாள். எங்கள் தெருப் பெண்கள் செய்யாத காரியம் அது. ஊருக்கும் சேரிக்கும் எல்லையாக இருந்த வாய்க்காலின் இந்தக் கரையில் அவள் நின்றாள். செய்தி கேட்டு மகன் அந்தக் கரைக்கு வந்தார். அவருக்குப் பின்னால் நான்கைந்து பேர், அவர்களோடு அவருடைய தாயும்.

“வெயில்ல நிக்கிறீங்களேம்மா. என்ன சேதி?”

“உன் அம்மாவ முகாமுக்கு அனுப்புப்பா.”

“ஐயாவோட முகாமுக்கா?”

“ஐயாவோடது இல்ல. கிளப்போடது.”

“கிளப்புல ஐயா இல்லீங்களா?”

அம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

“நெல்லு கொஞ்சம் சேத்துக் குடுங்கன்னா மாட்டேங்கிறாங்க. கண்ணு மட்டும் இனாமா வருதா? நாளைக்கு இவங்க முன்னாடி நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நின்னு கூலி கேப்பேன்?”

தாய் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். “டேய், கண்ணு எனக்குடா, உன் சங்கத்துக்கு இல்ல. உன் மூஞ்சியப் பாத்து ரெண்டு வருசமாச்சு. அது எப்படி இருந்தா எனக்கென்ன?”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. மகனும் சிரித்துவிட்டார். பிறகு முகம் மாறி அம்மாவிடம் கேட்டார்.

“அஞ்சு நாளு அசையாம கெடக்கணும்ங்கிறாங்க. அறுப்பு நேரம், என்ன வேணா நடக்கும். இருக்கிறதே ஒத்தக் கண்ணு. நடுவுல யாரும் எங்கம்மாவ எழுப்ப மாட்டாங்கன்னு நீங்க சொல்லுங்க.”

“எழுப்ப விடமாட்டேன். நான் சொல்றேன்.”

“ஐயா சொன்னா ஒத்துக்க மாட்டேன். நீங்க சொல்றதால அனுப்புறேன்.”

அந்தக் காலத்துக் கண் அறுவையைப் பார்க்காதவர்களுக்கு, ஏன் இவ்வளவு பேச்சு என்று தோன்றலாம். இப்போது காலையில் போய் மாலையில் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அன்று புரையை எடுத்த பின் இரண்டு கண்களையும் கட்டி, தலைக்கு இருபுறமும் மணல் பை வைத்து, மல்லாந்து படுக்க வைத்துவிடுவார்கள். தலையைத் தூக்கக் கூடாது, மெல்லக் கூடாது, இருமக் கூடாது, அழக் கூடாது. காயம் பிளந்துகொண்டால் கண்ணின் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. தஞ்சாவூரிலிருந்து வந்த கண் மருத்துவர் ஒரே நாளில் எல்லா அறுவைகளையும் முடித்து, ஆறாம் நாள் கட்டவிழ்க்க வருவதாகச் சொல்லிப் போனார். போகும்போது, கஞ்சி ஊட்டும் வேலையில் இருந்த எங்களிடம் சொன்னார்: “என் வேலை முடிஞ்சுது. இனிமே இது உங்க கையில.”

வகுப்பறைத் தரையில் வைக்கோல் பரப்பி, மேலே பாய் விரித்திருந்தோம். கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட வகுத்தல் கணக்கு அழியாமல் இருந்தது. ஆண்களையும் பெண்களையும் பிரித்தது ஒரு கீற்றுத் தட்டி. அந்தப் பக்கம் வாசலருகே நாகூர்க் கடற்கரையிலிருந்து வந்த ஒரு வயதான மீனவர் படுத்திருந்தார். இந்தப் பக்கம் எங்கள் வீட்டுக் கொட்டிலின் பெண்மணி. கண் கட்டப்பட்டவர்களுக்கு வாய் மட்டும் மிச்சம்.

“தாயீ, இந்தக் கஞ்சியில கருவாடு ஒரு துண்டு போடப்படாதா?”

“மெல்லக் கூடாது தாத்தா.”

“நான் எங்க மெல்றேன்? மோந்து பாத்துட்டுக் குடுத்துடறேன்.”

தட்டிக்கு இப்பாலிருந்து கொட்டில் பெண்மணி கேட்டார்: “யாருய்யா அது, வந்ததுலேர்ந்து மீனு மீனுன்னு? கட்டு அவுத்ததும் இந்த வாயி எப்படியிருக்குன்னுதான் மொதல்ல பாக்கணும்.”

“பாத்தா பயந்துருவ ஆத்தா. திரும்பவும் கட்டச் சொல்லிருவ.”

சிரிக்கவும் கூடாது என்று ஓடி ஓடிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் பள்ளி வாசலில் ஒரு போலீஸ் லாரி வந்து நின்றது.

இறங்கிய இன்ஸ்பெக்டர் மரியாதையாகவே பேசினார். மறுநாள் அறுப்பு தொடங்குகிறது, வெளியாட்கள் வருகிறார்கள், பாதுகாப்புக்கு வந்த காவலர்கள் தங்குவதற்கு இந்தப் பள்ளியை ஒதுக்கியிருக்கிறார்கள். தாசில்தாரின் உத்தரவைத் தலைமையாசிரியரிடம் நீட்டினார். இங்கே கண் முகாம் நடக்கிறதே என்றார் தலைமையாசிரியர். இன்ஸ்பெக்டர் உத்தரவோடு இணைத்திருந்த தாளைத் திருப்பி, அப்பாவிடம் காட்டினார்.

“நீங்க எழுதிக் கேட்டதுதானே சார் இது? ‘அரையாண்டு விடுமுறையாதலின் பள்ளிக் கட்டடம் காலியாக இருக்கும். காவலர் தங்குவதற்கு ஏற்றது.’ இடமும் நீங்க சொன்ன இடம்தான்.”

அப்பா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். அழகாக, சாய்வில்லாமல், அவருடைய கையெழுத்து. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் முகம் ஒரு நிமிடம் எனக்குத் தெரியாத முகமாக இருந்தது.

டாக்டர் அந்நேரம் ஒரு பிரசவத்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அவர் இல்லாத அரை மணி நேரத்தில்தான் எல்லாம் நடந்தது. ஆலைக்காரர் எப்போதும் விரைவாக முடிவெடுப்பவர். வெள்ளத்தின்போது அந்த விரைவுதான் ஊரைக் காப்பாற்றியது. நோயாளிகளைத் தன் ஆலைக் கிடங்குக்கு மாற்றிவிடலாம் என்றார். டிராக்டர் டிரெய்லரில் வைக்கோல் பரப்பச் சொல்லி ஆள் அனுப்பினார். “பலகையோட தூக்கி மெதுவா வெச்சா ஒண்ணும் ஆகாது. பச்சப் புள்ளையத் தூக்கற மாதிரி தூக்குவோம்.” அவர் மனதறிந்து தீங்கு நினைத்தவர் அல்ல. தாமே குனிந்து பலகையின் தலைப்பக்கத்தைப் பிடித்தார். கால்பக்கத்தை அப்பா பிடித்தார்.

வாசலருகே இருந்ததால் மீனவர்தான் முதல்.

“எங்கய்யா கொண்டு போறீங்க? கடலுக்கா?” என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது. தாழ்வாரத்தின் இரண்டு படிகளில் இறங்கும்போது பலகை சாய்ந்தது. விழப் போகிறோம் என்று நினைத்து அவர் இரண்டு கைகளாலும் விளிம்பைப் பற்றித் தலையைத் தூக்கிவிட்டார். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. “உள்ள என்னமோ கொட்டுதுய்யா” என்று மட்டும் சொன்னார். வெள்ளைக் கட்டின் நடுவில் ஒரு புள்ளி தோன்றிப் பரவியது.

அவரை அங்கேயே தாழ்வாரத்தில் கிடத்தினார்கள். தலைமையாசிரியர் டாக்டரைக் கூட்டிவர ஓடினார். பூட்ஸ் சத்தமும் பதற்றக் குரல்களும் கேட்டுப் பெண்கள் பக்கம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். கொட்டில் பெண்மணி கழுத்தை உயர்த்தினார். நான் ஓடிப் போய் அவருடைய நெற்றியில் கைவைத்து அழுத்தினேன். அதற்கு முன் நான் அவரைத் தொட்டதே இல்லை.

“போலீசா பாப்பா?”

“ஆமா. நீ அசையாதே.”

“எதுக்கு வந்திருக்காங்க?”

“தெரியல. அசையாதே.”

அம்மா கஞ்சிப் பாத்திரத்தோடு வந்தாள். தாழ்வாரத்தில் மீனவரைப் பார்த்தாள், டிரெய்லரைப் பார்த்தாள், லாரியைப் பார்த்தாள். ஒருவரிடமும் விவரம் கேட்கவில்லை. பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, பெண்களின் அறை வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்தாள்.

டாக்டர் வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தார். மீண்டும் கட்டினார். பிறகு கிளப்காரர்கள் எல்லோரும் தலைமையாசிரியர் அறையில் கூடினார்கள். அந்த அறையும் பெண்களின் அறையும் எதிரெதிரே. பேச்சு முழுவதும் எங்களுக்குக் கேட்டது. போலீஸ் இல்லாவிட்டால் கதிர் வயலிலேயே உதிர்ந்துவிடும் என்றார் ஒரு மிராசுதார். கூலி விஷயத்தை முன்பே பேசி முடித்திருக்கலாம் என்றார் இன்னொருவர். பேங்க் ஏஜெண்ட், பழக்கத்தினால்தான் என்று நினைக்கிறேன், “நாம கிளப்பா கூடியிருக்கோம். கூலியப் பத்தி இங்க பேசக் கூடாது” என்றார்.

“அந்தாளு கண்ணு போயிடுச்சு சார்,” என்றார் டாக்டர். “உங்க டின்ன எடுத்து ஓரமா வைங்க.”

ஆலைக்காரர் வெளியே வந்து அம்மாவின் முன் நின்றார்.

“கொஞ்சம் எழுந்திருங்கம்மா. உத்தரவு வந்திருக்கு. இவங்களையாவது ஜாக்கிரதையா மாத்திடலாம்.”

“மாத்த வேண்டாம். போலீஸ்காரங்க எங்க வீட்ல தங்கட்டும்.”

அப்பா அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். “என்ன பேசறே நீ? வீட்ல போலீசா? ஊருக்குள்ள என்ன நெனைப்பாங்க?”

“கூப்பிட்டவங்க நீங்கதானே? கூப்பிட்டவங்க வீட்லதான் வந்தவங்க தங்கணும்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. அப்பாவை அவள் பிறர் முன்னால் எதிர்த்துப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அப்பா மீனவர் படுத்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு இன்ஸ்பெக்டரிடம், “எங்க வீடு பெரிசுதான் சார். கூடமும் நெல் அறையும் ஒழிச்சுத் தரேன்” என்றார். தமக்கு இடம் எதுவானாலும் சரி என்றார் இன்ஸ்பெக்டர். லாரி புறப்பட்டு எங்கள் தெருப் பக்கம் திரும்பியது.

அம்மா தன் வாக்கைக் காப்பாற்றினாள். அதற்கு அவள் கொடுத்தது என்ன என்பது மறுநாள் தெரிந்தது.

நான்காம் நாள் காலையில் எங்கள் வீட்டுக் கூடத்திலிருந்து காவலர்கள் வரிசையாக இறங்கி, எங்கள் வயலுக்கு நடந்தார்கள். வெளியாட்கள் அரிவாளோடு வரப்பில் இறங்க, சங்கத்துக்காரர்கள் குறுக்கே உட்கார்ந்தார்கள். காவலர்கள் அவர்களைத் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். முதலில் ஏற்றப்பட்டவர் கொட்டில் பெண்மணியின் மகன். அம்மா பள்ளிக்கு வந்து என்னை வேப்பமரத்தடிக்கு அழைத்துச் சொன்னாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

“இன்னும் ஒண்ணரை நாள் இருக்கு. அவளுக்குத் தெரியக் கூடாது. அழுதா கண்ணு போயிடும். உள்ள போறப்ப நீயும் மூக்க உறிஞ்சாதே.”

நான் கஞ்சியோடு உள்ளே போனேன்.

“என் மவன் நேத்துப் பொழுதோட தட்டிக்கு அந்தாண்ட நின்னு பேசிட்டுப் போனான். இன்னிக்கிக் காணுமே?”

“வயல்ல வேலையா இருக்காரு. வயல்லதான் இருக்காரு.”

இரண்டு வாய் குடித்தார். பிறகு உதட்டை மூடிக்கொண்டார்.

“சின்னப் புள்ளையிலேர்ந்து உன்னப் பாக்கறேன் பாப்பா. பொய்யின்னா அதையே ரெண்டு தடவ சொல்லுவே.”

நான் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

“நான் அழமாட்டேன். சொல்லு.”

“டாக்டர் சொல்லியிருக்காரு…”

“டாக்டரு சொன்னது எனக்கும் தெரியும். அழமாட்டேன்னு சொல்றேன்ல. சொல்லு.”

சொல்வதா, வேண்டாமா என்று முடிவெடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. சொன்னால் ஒரு கண் போகலாம். சொல்லாவிட்டால், அவரே எழுந்து தேடிப் போய்விடக் கூடும் என்று தோன்றியது. கைகள் ஏற்கெனவே பாயைப் பற்றியிருந்தன. அவருடைய தலைக்கு இருபுறமும் இருந்த மணல் பைகளின் மேல் என் கைகளை வைத்துக்கொண்டு சொன்னேன்.

“போலீஸ் புடிச்சிட்டுப் போயிட்டாங்க. மாயவரத்துக்கு.”

“அடிச்சாங்களா?”

“தெரியாது. இல்லேன்னுதான் அம்மா சொன்னாங்க.”

“எந்தப் போலீசு? இங்கேர்ந்து உங்க வீட்டுக்குப் போனவங்களா?”

“ஆமா.”

அவருடைய தொண்டை மேலும் கீழும் அசைவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டின் ஓரத்தில் ஈரம் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மூச்சை உள்ளே இழுத்து, நிறுத்தி, சிறிது சிறிதாக விட்டார். பிரசவ வலியில் மாடுகள் அப்படி மூச்சு விடுவதைக் கொட்டிலில் கேட்டிருக்கிறேன். நெடுநேரம் அப்படியே கிடந்தார். வைக்கோலின் மேல் வெயில் ஒரு சாண் நகர்ந்தது.

“கஞ்சியக் குடு,” என்றார் கடைசியில். “ஆறிப் போவுது.”

அன்றும் மறுநாளும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மீனவரும் கேலி பேசவில்லை. நான் ஊட்டினேன், அவர் விழுங்கினார். ஒவ்வொரு மணி நேரமும் கட்டைப் பார்த்தேன். அது உலர்ந்தே இருந்தது.

ஆறாம் நாள் தஞ்சாவூர் மருத்துவர் வந்து கட்டுகளை அவிழ்த்தார். மீனவரிடம் வெகுநேரம் இருந்தார். எழுந்தபோது ஒருவர் முகத்தையும் பார்க்காமல் கை கழுவிக்கொண்டு தட்டியைக் கடந்து வந்தார். இந்தப் பக்கத்தில் கொட்டில் பெண்மணியின் கட்டை அவிழ்த்து, விரல்களைக் காட்டினார்.

“இது எத்தனை?”

“மூணு.”

“இது?”

“ஒண்ணு. கொஞ்சம் கலங்கலாத் தெரியுது. ஒண்ணுதான்.”

கண்ணின் மேல் நிழலுக்குப் பச்சைத் துணி ஒன்றைத் தொங்கவிட்டுக் கட்டினார்கள். அவர் எழுந்து உட்கார்ந்தார். பிறகு சுவரைப் பிடித்து நின்றார். வாசலில் அம்மா காத்திருந்தாள்.

“சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்கம்மா. எழுப்ப விடல.” சுவரிலிருந்து கையை எடுத்தார். “கொட்டிலுக்கு இனிமே வேற ஆளு பாத்துக்குங்க.”

அம்மா தலையை அசைத்தாள். வண்டியில் வீட்டில் விடச் சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாமென்று, அவர் தம் தெருப் பெண் ஒருத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். மாயவரம் பஸ் வந்து நின்றபோது, பச்சைத் துணியைச் சற்று விலக்கிப் பலகையைப் பார்த்துவிட்டு ஏறினார். எழுத்துப் படிக்கத் தெரியாதவர் எதற்காக அந்தப் பலகையைப் பார்த்தார் என்று எனக்குப் புரிய வருடங்கள் ஆயின: மகனைக் கொண்டுபோன ஊரின் பெயரை, படிக்க முடியாவிட்டாலும், தம் கண்ணால் பார்த்துக்கொண்டார்.

அந்த வருடத்துக் கிளப் அறிக்கையில் ‘முகாம் இனிதே நிறைவுற்றது’ என்று ஆலைக்காரர் எழுதச் சொன்னார். அப்பா எழுதவில்லை. செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்றுக்கொண்டார், அவர் எழுதினார். அப்பா கிளப்பை விடவும் இல்லை. புதன்கிழமைகளில் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை ஒரு பையோடு நாகூர் பஸ்ஸில் ஏறுவார். அங்கே மீனவரும் அவரும் என்ன பேசினார்கள் என்று அவர் எங்களிடம் சொன்னதில்லை. ஒரு முறை அம்மா கேட்டதற்கு, “அந்தாளு இன்னும் கேலிதான் பண்றான். அதான் தாங்க முடியல” என்றார்.

மகன் சில வாரங்களில் வெளியே வந்தார். மறு வருடம் கூலி பேசி முடிக்கப்பட்டது. அவர்கள் கேட்டதற்கும் எங்கள் ஆட்கள் தர நினைத்ததற்கும் நடுவில் ஓரிடத்தில். முகாம்கள் தொடர்ந்து நடந்தன. அறுப்புக் காலத்தில் மட்டும் வைப்பதில்லை. ஏன் என்பதை எந்தக் கூட்டத்திலும் ஒருவரும் பேசவில்லை என்று அப்பா சொன்னார். பிறகு நில உச்சவரம்பு வந்தது, குத்தகைச் சட்டங்கள் வந்தன. எங்கள் தெரு வீடுகள் ஒவ்வொன்றாகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போயின. நான் கல்லூரி ஆசிரியையாகி வெளியூரில் தங்கிவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன், நிலப் பத்திர வேலையாக ஊருக்குப் போனேன். கிளப்புக்கு இப்போது சொந்தக் கட்டடம், குளிர்சாதனம், பெண் உறுப்பினர்கள். தலைவியாக இருந்த பெண் மருத்துவர் எனக்குக் காபி கொடுத்தார். அவர் பிறக்கும் முன் நடந்த அந்த முகாமைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. நான் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “இதெல்லாம் எங்க மினிட்ஸ் புக்ல இல்லியேம்மா” என்றார்.

திரும்பும் வழியில் வாய்க்காலைத் தாண்டி அந்தத் தெருவுக்குள் முதல்முறையாகப் போனேன். மகனுக்கு எழுபதுக்கு மேல். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் என்னை அடையாளம் கண்டு, “வாங்க, உக்காருங்க” என்று நாற்காலி போடச் சொன்னார். தாய் அந்தக் கண்ணோடு பதினெட்டு வருடம் இருந்தாராம். பேரப்பிள்ளைகளுக்குப் பேன் பார்த்தாராம். கடைசி வரை தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு ஊசியில் தாமே நூல் கோத்தாராம். என் தாயைப் பற்றி விசாரித்தார். இறந்துவிட்டாள் என்றேன். “நல்லவங்க,” என்றார். சிறிது நேரம் கழித்து, “போலீச வீட்ல வெச்சதும் அவங்கதான்” என்றார். இரண்டும் உண்மை.

அப்பா, ஆலைக்காரர், டாக்டர், பேங்க் ஏஜெண்ட், மீனவர் யாரும் இப்போது இல்லை. எங்கள் வீடு இருந்த இடத்தில் நெல் கொள்முதல் நிலையம் இருக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் வயலில் ஒரு பகுதி அந்த மகனின் பெயரில் பட்டாவாகி, அவருடைய மகள் சாகுபடி செய்கிறாள். அந்த ஊரில் அவர்கள் இருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் நான் மட்டும் இருக்கிறேன்.